அன்றைக்கு என்ன விகிதம்?

"ஏனுங்க அம்மணி, அக்டோபர்ல வித்த கிரைண்டர் ஒண்ணு திரும்பி வந்திருக்குதுங்க. கல்லுல விரிசல். உங்க சாப்ட்வேர் 6,720 திருப்பிக் கொடுன்னு சொல்லுது. வாங்கினவர் கையில இருக்கற பில்லுல 7,680 போட்டிருக்குது. நான் எதைக் கொடுக்கட்டுமுங்க?"

2017 நவம்பர் கடைசியில் கோவை கணபதியிலிருந்து வந்த போன் அது. பேசியவர் கிரைண்டர் கடைக்காரர், என் அப்பா வயதுக்காரர். ஜிஎஸ்டி அமலுக்கு வந்த 2017 ஜூலை 1 அன்று அவர் கடையில் போட்ட முதல் பில்லே நான் எழுதிய மென்பொருளில்தான் ஓடியது. அன்றைக்கு எனக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து அனுப்பினார்.

போனை வைத்துவிட்டு டேட்டாபேஸில் விலையும் வரியும் இருக்கும் டேபிளைத் (அட்டவணையை) திறந்தேன். பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கிரைண்டரின் வரிக்கு முந்தைய விலை 6,000 ரூபாய். அக்டோபரில் வரி 28 சதவீதம், அதாவது 1,680, மொத்தம் 7,680. நவம்பர் 15 முதல் கல் வைத்த வெட் கிரைண்டருக்கு வரியை 12 சதவீதமாகக் குறைத்தார்கள். நான் என்ன செய்திருந்தேன்? 14-ஆம் தேதி ராத்திரி ஐட்டம் மாஸ்டரில், அதாவது சரக்குகளின் பட்டியலில், 28 இருந்த இடத்தில் 12 என்று ஒரு அப்டேட் அடித்துவிட்டுத் தூங்கப் போயிருந்தேன். பழைய 28 எங்கேயும் இல்லை. அழிந்துபோய்விட்டது. சரக்கு திரும்பி வந்தால் வரியை மாஸ்டரிலிருந்து எடுத்துக் கணக்குப் போடும்படிதான் எழுதி வைத்திருந்தேன். அதனால் 12 சதவீதத்துக்கு 720 போட்டு, 6,720 என்று காட்டியது.

கடைக்காரர், கிரைண்டர் வாங்கியவருக்கு 7,680-ஐ அப்படியே எண்ணிக் கொடுத்துவிட்டார். 960 ரூபாய் வித்தியாசம், நான் கிரெடிட் நோட்டை (திரும்பி வந்த சரக்குக்குப் போடும் சீட்டை) திருத்திக் கொடுக்கும்வரை அவர் கல்லாவிலிருந்து போன பணம். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பில் போட்ட அன்றைக்கு என்ன வரி விகிதம் அமலில் இருந்தது என்று தேடிக் கொடுக்கும் முறையை அந்த வாரம் உட்கார்ந்து எழுதினேன். அதைத்தான் இன்றைக்கும், சின்னச் சின்னத் திருத்தங்களோடு, எல்லாக் கடைகளுக்கும் போட்டுக் கொடுக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகள் இதே குழியில் விழுவதை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கிரைண்டரின் கதை. கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது ஒரு பெருமை. ஆனால் அந்தக் கிரைண்டர் வரி விஷயத்தில் பட்ட பாடு கொஞ்சமில்லை. 2017 ஜூலை 1 முதல் 28 சதவீதம். 2017 நவம்பர் 15 முதல் 12. 2019 அக்டோபர் 1 முதல் 5. 2022 ஜூலை 18 முதல் 18. ஐந்து வருடத்தில் நாலு விகிதம், ஒவ்வொன்றும் வேறு வேறு. பாடம் நடத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது.

இந்த நாலையும் நாலு ரெக்கார்டாகத் தனி டேபிளில் வைக்க வேண்டும். மூன்று ஃபீல்டு போதும்: எந்தச் சரக்கு, என்ன விகிதம், எந்தத் தேதி முதல் அமல். விகிதம் மாறினால் பழைய ரெக்கார்டைத் தொடவே கூடாது. புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஐட்டம் மாஸ்டரில் வரி என்கிற ஃபீல்டே இருக்கக் கூடாது. இருந்தால் என்றைக்காவது ஒருநாள் அவசரத்தில் யாராவது அதை எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

இனி குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் நாம் கேட்கும் கேள்வி. கட்டளைச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும்.

செலக்ட் விகிதம் ஃப்ரம் வரி_விகிதம்
வேர் சரக்கு = 'வெட் கிரைண்டர்' அண்ட் அமல்_தேதி <= பில்_தேதி
ஆர்டர் பை அமல்_தேதி டெஸ்க் லிமிட் 1;

2020 ஜனவரி 10-ஆம் தேதி பில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்தத் தேதிக்கு உள்ளே வருகிற ரெக்கார்டுகள் மூன்று: 2017 ஜூலை, 2017 நவம்பர், 2019 அக்டோபர். 2022-ஐச் சேர்ந்தது இன்னும் வரவில்லை, அது வடிகட்டப்பட்டுவிடும். மீதி மூன்றையும் புதியது முதலில் வரும்படி அடுக்கினால் உச்சியில் 2019 அக்டோபர் நிற்கும். அதை மட்டும் எடுத்தால் 5 சதவீதம். சரியான பதில். சரக்கு, அமல் தேதி இரண்டையும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அடைவு) போட்டுவிட்டால் லட்சம் பில் இருந்தாலும் கடகடவென்று ஓடும்.

இவ்வளவு சுலபமான குவெரியில் எங்கே தப்பு வரும் என்று கேட்பீர்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையன் எழுதியதைச் சொல்கிறேன். அடுக்குவது, ஒன்றை எடுப்பது எல்லாம் எதற்கு என்று நினைத்து, செலக்ட் மேக்ஸ்(விகிதம்) என்று போட்டுவிட்டான். தேதி நிபந்தனையைச் சரியாகவே எழுதியிருந்தான். ஆனால் அவன் கேட்டது பெரிய தேதியை அல்ல, பெரிய விகிதத்தை. அந்த மூன்றில் பெரிய விகிதம் 28. அவன் சோதித்துப் பார்த்த சரக்குகளில் வரி ஏறியே வந்திருந்ததால் எல்லாவற்றுக்கும் சரியான விடை வந்தது. கிரைண்டருக்கு வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அதனால்தான் சொல்கிறேன், சோதித்துப் பார்க்கும்போது ஏறி இறங்கிய சரக்கு ஒன்றாவது இருக்க வேண்டும்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு குழி. மேக்ஸ்(அமல்_தேதி), கூடவே விகிதம், கீழே குரூப் பை சரக்கு, அதாவது சரக்குவாரியாகத் தொகுப்பது. தேதி சரியாக வரும், பக்கத்தில் இருக்கும் விகிதம் அந்தத் தேதிக்கு உரியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் இப்படி எழுதினால் ஏற்கவே ஏற்காது, பிழை காட்டி நிறுத்திவிடும். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ், 5.7.5 பதிப்புக்கு முன்பு, வாயைத் திறக்காமல் ஏதோ ஒரு ரெக்கார்டின் விகிதத்தை எடுத்துக் கொடுத்துவிடும். பழைய மைஎஸ்கியூஎல் வைத்திருக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே போனால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

ஒரு பில்லுக்கு என்றால் லிமிட் 1 போதும். மாதாந்திர ரிப்போர்ட்டுக்கு ஆயிரக்கணக்கான பில்களை ஒரே அடியில் இணைக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு விகிதமும் எதுவரை செல்லும் என்பதும் தெரிந்தால் வசதி. அங்கேதான் பலர் இன்னொரு ஃபீல்டைச் சேர்க்கிறார்கள்: முடியும் தேதி. நானும் ஒரு காலத்தில் சேர்த்திருந்தேன். 2019 அக்டோபர் 1 முதல் 2022 ஜூலை 17 வரை 5 சதவீதம் என்று. இணைக்கும்போது பிட்வீன் (இரண்டு தேதிக்கும் இடையில், இரண்டும் சேர்த்து) போட்டேன்.

2022 ஜூலை 17 ஆடி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் முதல் கிரைண்டருக்கு வரி 5-லிருந்து 18. 6,000 ரூபாய் கிரைண்டர் அன்றைக்கு வாங்கினால் 6,300, விடிந்தால் 7,080. கடையில் நிற்க இடமில்லாத கூட்டம் என்று கடைக்காரர் சொன்னார். ஆகஸ்டில் ஜூலை மாதத்து ரிட்டர்ன் தாக்கல் செய்ய ரிப்போர்ட் எடுத்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை பில்கள் ஒன்றுகூட இல்லை. மாதத்திலேயே அதிகம் விற்ற நாள், ரிப்போர்ட்டில் வெற்றிடம்.

காரணம் இதுதான். பில் டேபிளில் நான் வைத்திருந்தது வெறும் தேதி இல்லை, நேரத்தோடு சேர்ந்த தேதி. பில் போட்டது 17-ஆம் தேதி மாலை 6:40. முடியும் தேதியாக வைத்திருந்த ஜூலை 17-ஐ டேட்டாபேஸ் 17-ஆம் தேதி நள்ளிரவு 12 மணி, பூஜ்ஜிய நிமிடம் என்றே எடுத்துக்கொண்டது. மாலை 6:40 அதற்குப் பிந்தையது. அடுத்த விகிதம் தொடங்குவதோ 18-ஆம் தேதி. ஆக, 17-ஆம் தேதி முழுவதும் எந்த விகிதத்துக்கும் சொந்தமில்லாத நாளாகிவிட்டது. நான் போட்டிருந்தது சாதா ஜாயின் என்பதால் இணை கிடைக்காத பில்கள் சத்தமில்லாமல் காணாமல் போயின.

அன்றிலிருந்து இரண்டு வழக்கம். ஒன்று, முடியும் தேதி என்றால் அது அந்தக் காலத்தைச் சேராத முதல் நாள். அதாவது தொடக்கம் சேர்த்தி, முடிவு சேர்க்காமல்: தொடக்கம் <= பில்_நேரம், பில்_நேரம் < முடிவு. முந்தையதன் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே தேதியாக, 2022 ஜூலை 18 ஆகவே இருக்கும். நடுவில் ஊசி நுழையும் இடம்கூட இருக்காது. பிட்வீன் என்ற சொல்லையே தேதிக்கு நான் இப்போது எழுதுவதில்லை. இரண்டு, விகிதத்தோடு இணைக்கும்போது எப்போதும் லெஃப்ட் ஜாயின், இணை கிடைக்காத பில்லையும் அது விடாது. விகிதம் கிடைக்காத பில் இருந்தால் ரிப்போர்ட்டின் தலையிலேயே சிவப்பில் காட்டிவிட வேண்டும். இல்லாத விகிதத்தைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும்படி கோலஸ் போடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பூஜ்ஜியம் என்பது உண்மையிலேயே ஒரு வரி விகிதம். வரி இல்லாத பொருளும், நீங்கள் விகிதம் ஏற்ற மறந்த பொருளும் ஒன்றல்ல.

முடியும் தேதியைக் கையால் ஏற்றுவதையும் விட்டுவிட்டேன். அதை ஏற்றினால் புதிதாக ஒன்றைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் பழையதைத் திருத்த வேண்டும். மறந்தால் ஒரே நாளுக்கு இரண்டு விகிதம், பில் இரண்டு முறை எண்ணப்படும். தொடங்கும் தேதியை மட்டும் வைத்துக்கொண்டு, லீட் என்ற விண்டோ ஃபங்ஷனால் அடுத்த ரெக்கார்டின் தொடக்கத்தை எட்டிப் பார்த்து முடிவைக் கணக்கிட்டுக்கொள்ளும் ஒரு வியூ (பெயர் வைத்துச் சேமித்த குவெரி) எழுதி வைத்திருக்கிறேன். கடைசி ரெக்கார்டுக்கு அடுத்தது இல்லை, அங்கே நல், அதாவது மதிப்பே இல்லாத வெற்றிடம், வரும். அதை "இன்னும் நடப்பில்" என்று படிக்க வேண்டும். நல்லோடு எதை ஒப்பிட்டாலும் உண்மை என்று வராது என்பதால் அந்த நிபந்தனையைத் தனியாக எழுத மறக்கக் கூடாது. மறந்தால் இன்றைய பில்கள் எல்லாம் காணாமல் போகும். இரண்டு தேதியும் வேண்டும் என்று அடம்பிடிக்கிற இடத்தில் இரண்டு தேதியையும் ஒரே மதிப்பாக வைக்கும் போஸ்ட்கிரெஸின் டேட்ரேஞ்ச் வகையும், மேலே மேலே விழாமல் தடுக்கும் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட்டும் இருக்கின்றன. 2025 செப்டம்பரில் வந்த போஸ்ட்கிரெஸ் 18-இல் பிரைமரி கீயிலேயே வித்தவுட் ஓவர்லாப்ஸ் என்று சொல்லிவிடலாம். இருபது வருடம் முன்பே வந்திருக்க வேண்டிய வசதி அது. டக்டிபி, கிளிக்ஹவுஸ் போன்ற டேட்டாபேஸ்களில் ஏஸ்ஆஃப் ஜாயின் என்றே ஒன்று இருக்கிறது, நாம் இவ்வளவு நேரம் பேசியதை ஒரே சொல்லில் செய்துவிடும்.

இதெல்லாம் கைவேலை. பழகினால் வந்துவிடும். உண்மையில் கஷ்டமானது வேறு: குவெரியில் எந்தத் தேதியைக் கொடுப்பது?

நிறைய பேர் கரண்ட்_டேட், அதாவது இன்றைய தேதியை, கொடுத்துவிடுகிறார்கள். கவுண்டரில் பில் போடும் நேரத்தில் பில் தேதியும் இன்றைய தேதியும் ஒன்றுதான், அதனால் எந்தச் சோதனையிலும் மாட்டாது. ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் பழைய பில்லை பிரிண்ட் கேட்கும்போது, 14-ம் 14-ம் என்று சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி (வரியில் மத்திய, மாநில அரசுகளின் பங்கு) அச்சான பில் 6-ம் 6-மாக வெளியே வரும். வாங்கியவர் கையில் ஒரு தாள், கடையில் இன்னொரு தாள். விகிதம் தேடும் குவெரிக்குள் இன்றைய தேதி என்ற சொல் வரவே கூடாது என்பதை எங்கள் சின்ன டீமில் சட்டமாகவே வைத்திருக்கிறேன். தேதி வெளியிலிருந்துதான் வர வேண்டும், ஒரு தாளிலிருந்து வர வேண்டும்.

எந்தத் தாள் என்பதில்தான் சட்டமே நுழைகிறது. சரக்கு விற்கும் கடைக்கு இது ஓரளவு எளிது. காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்களுக்கான எளிய வரித் திட்டம்) இல்லாத கடைக்கு, 2017 நவம்பர் 15 முதல் சரக்குக்கு வாங்கும் முன்பணத்தின்மேல் வரி கிடையாது. பில்லை வைத்துத்தான் வரி. 2022 ஜூலை முதல் வாரத்தில் ஆவணிக் கல்யாணச் சீருக்கென்று ஒரு குடும்பம் கிரைண்டருக்கு முன்பணம் கட்டிப் போயிருந்தது. ஆகஸ்டில் வண்டி அனுப்பி எடுத்தார்கள், அன்றைக்குத்தான் பில். "அஞ்சு பர்சென்ட் இருக்கறப்பவே காசு கட்டிட்டமுங்களே" என்று அந்தப் பெண்ணின் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பில்லும் சரக்கும் மாற்றத்துக்குப் பின்னால், 18-தான் போட முடியும். 780 ரூபாயில் பாதியைக் கடைக்காரர் விலையில் குறைத்துக் கொடுத்தார்.

சேவைக்கு வந்தால் கணக்கு வேறு. சிஜிஎஸ்டி சட்டம் 14-ஆம் பிரிவு மூன்று தேதிகளைப் பார்க்கிறது: சேவை செய்த தேதி, பில் தேதி, பணம் வந்த தேதி. வரி மாறிய நாளுக்கு முன்னால் இந்த மூன்றில் இரண்டு விழுந்தால் பழைய விகிதம், பின்னால் இரண்டு விழுந்தால் புதிய விகிதம். ஊட்டியில் ஒரு லாட்ஜுக்கு எழுதிக் கொடுத்தபோது இதை எதிர்கொண்டேன். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதம். செப்டம்பர் 5-ஆம் தேதி பணம் கட்டி, 25-ஆம் தேதி தங்கி, 26-ஆம் தேதி பில் வாங்கினால் இரண்டு பின்னால், ஆக 5. பணம் கட்டிய அன்றே பில்லும் கொடுத்திருந்தால் இரண்டு முன்னால், 12.

முதலில் இதை இஃப், எல்ஸ் என்று ஆறு கிளையாக எழுதினேன். நாலாவது கிளையில் ஒரு குறியைத் தலைகீழாகப் போட்டு அரை நாள் போயிற்று. அப்புறம் ஒரு காகிதத்தில் மூன்று புள்ளிகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது மனதில் பட்டது: மூன்று தேதிகளையும் அடுக்கினால் நடுவில் நிற்கும் தேதி எந்தப் பக்கமோ, பெரும்பான்மையும் அந்தப் பக்கம்தான். இரண்டு முன்னால் என்றால் நடுத்தேதி முன்னால். இரண்டு பின்னால் என்றால் நடுத்தேதி பின்னால். வேறு வழியே இல்லை. ஆறு கிளையும் வேண்டாம், மாறிய நாள் எது என்று தெரிந்திருக்கவும் வேண்டாம். நடுத்தேதியைக் கண்டுபிடித்து, மேலே சொன்ன அதே குவெரியில் பில்_தேதி இருந்த இடத்தில் கொடுத்தால் போதும்.

கிரேட்டஸ்ட்(லீஸ்ட்(சேவை, பில்), லீஸ்ட்(கிரேட்டஸ்ட்(சேவை, பில்), பணம்))

மேலே சொன்ன விருந்தாளிக்குப் போட்டுப் பாருங்கள்: 25, 26, 5. சேவையிலும் பில்லிலும் சின்னது 25, பெரியது 26. அந்த 26-க்கும் பணம் வந்த 5-க்கும் சின்னது 5. 25-க்கும் 5-க்கும் பெரியது 25. அதுதான் நடுத்தேதி. 22-க்குப் பின்னால், ஆக 5 சதவீதம். அன்றைக்கு எழுந்து வீட்டைச் சுற்றி ஒரு நடை போய் வந்தேன், அவ்வளவு சந்தோஷம். பணம் வந்த தேதிக்கு மட்டும் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். வங்கியில் வரவாகும் தேதி, வரி மாறிய நாளிலிருந்து நாலு வேலை நாளையும் தாண்டிவிட்டால், வங்கித் தேதியைத்தான் பணம் வந்த தேதியாக எடுக்க வேண்டும். அதைச் சரிபார்த்துக்கொண்ட பிறகே நடுத்தேதியைத் தேட வேண்டும்.

சரி, பில் போடும்போது கிடைத்த விகிதத்தைப் பில்லிலேயே எழுதி வைப்பதா, தேவைப்படும்போதெல்லாம் டேபிளில் தேடுவதா என்று கேட்பார்கள். எழுதி வைக்க வேண்டும், சந்தேகமே இல்லை. சரக்கு திரும்பி வந்தால் அந்தப் பில்லில் எழுதிய விகிதத்தில்தான் கிரெடிட் நோட். கணபதிக்காரருக்கு நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது அது. ஆனால் எழுதி வைத்தாயிற்று என்பதற்காகத் தேடும் டேபிளைக் கைவிடக் கூடாது. பில்லில் இருப்பது நாம் வாங்கிய வரி. டேபிளில் இருப்பது நாம் வாங்கியிருக்க வேண்டிய வரி. தினமும் இரவு இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசப்படும் பில்களை மட்டும் பட்டியலிடும் ஒரு குவெரி என்னுடைய எல்லாக் கடைகளிலும் ஓடுகிறது. பெரும்பாலான இரவுகளில் அது காலியாக வரும்.

விகிதமே பின்தேதியிட்டு மாறும் இடங்களும் உண்டு. என் அக்கா மத்திய அரசு அலுவலகத்தில் இருக்கிறாள். 2025 மார்ச் கடைசியில் அகவிலைப்படி 53-லிருந்து 55 ஆனது, ஜனவரி 1 முதல் அமல் என்று. ஜனவரி, பிப்ரவரிச் சம்பளம் 53-இல் ஏற்கெனவே போயாகிவிட்டது. அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால் மாதத்துக்கு 1,000 ரூபாய் நிலுவை. ஜனவரி மாத அகவிலைப்படி எவ்வளவு என்று பிப்ரவரியில் கேட்டால் 53 சரியான பதில். ஏப்ரலில் கேட்டால் 55 சரியான பதில். இரண்டும் பொய்யில்லை. இதைச் சொல்ல அமல் தேதி மட்டும் போதாது, அந்தச் சேதி நம் டேட்டாபேஸுக்குள் வந்த தேதியும் ரெக்கார்டில் இருக்க வேண்டும்.

அந்த இரண்டாவது தேதியின் அருமையை எனக்கு உணர்த்தியது 2021 டிசம்பர் 31. 2022 ஜனவரி 1 முதல் துணிகளுக்கு 5-லிருந்து 12 சதவீதம் என்று நவம்பரிலேயே அறிவிக்கை வந்துவிட்டது. திருப்பூரில் இரண்டு கடைகளுக்கு ஜனவரி 1 தேதியிட்டு ரெக்கார்டு ஏற்றி வைத்திருந்தேன். முன்கூட்டியே ஏற்றி வைக்க முடிவது இந்த முறையின் பெரிய வசதி. டிசம்பர் 31 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் கூடித் துணிக்கு மட்டும் நிறுத்தி வைத்தது. செருப்புக்கு அப்படியே அமலானது. அன்று மாலை துணி ரெக்கார்டுகளை டிலீட் செய்யக் கை போனது. நிறுத்திக்கொண்டு, ரத்து என்று ஒரு ஃபீல்டில் அன்றைய தேதியைப் போட்டேன். ஜனவரி 1-ஐ உத்தேசித்து 12 சதவீதத்தில் முன்பே போட்டு வைத்த கொட்டேஷன்கள் சில இருந்தன. அவற்றில் ஏன் 12 இருக்கிறது என்று பிப்ரவரியில் ஒருவர் கேட்டபோது காட்டுவதற்கு அந்த ரெக்கார்டு இருந்தது.

கடைசியாக ஒன்று. 2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை, நவராத்திரியின் முதல் நாள். ஒரே நாளில் இத்தனை பொருளுக்கு வரி மாறியதை ஜிஎஸ்டி வந்த பிறகு நான் பார்த்ததில்லை. நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5. பாக்கெட் பன்னீருக்கு வரியே இல்லை. குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை 18-லிருந்து 5. சிமென்ட் 28-லிருந்து 18. எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்பே ஏற்றி, இருமுறை சரிபார்த்து, ஞாயிறு இரவு நிம்மதியாகத்தான் படுத்தேன்.

என் வாடிக்கையாளரில் ஒருவர் பால் பூத் நடத்துகிறார். அதிகாலை 4:30-க்குத் திறப்பார். 5:50-க்குப் போன். "அக்கா, நெய்க்கு இன்னும் பன்னெண்டே வருதுங்க."  லேப்டாப்பைத் திறந்து அவருடைய சர்வரில் நேரம் கேட்டேன். 00:20 என்றது. யூடிசி, அதாவது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும் உலகப் பொது நேரம். அந்த ஒரு சர்வரை மட்டும் இரண்டு மாதம் முன்பு வேறு இடத்துக்கு மாற்றியிருந்தோம். டைம்ஸோனை ஏஷியா/கொல்கத்தா என்று வைக்க விட்டுப்போயிருக்கிறது. நமக்கு விடிகாலை ஐந்தரை ஆகும்வரை அதற்கு முந்தைய நாள்தான். 4:30-க்குப் போட்ட பில்லை அது செப்டம்பர் 21 இரவு 11 மணி என்று படித்து, செப்டம்பர் 21-க்குரிய விகிதத்தைச் சரியாகத் தேடிக் கொடுத்திருக்கிறது. குவெரியில் ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. 5:30-க்கு மேல் போட்ட பில்களில் 5 சதவீதம்தான் வந்திருந்தது. அவர் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது 5:10-க்குப் போட்டது.

டைம்ஸோனைத் திருத்தினேன். நேரத்தைத் தேதியாக மாற்றும் இடங்களில் எல்லாம் மண்டலத்தை வெளிப்படையாகவே எழுதி, சர்வர் எந்த ஊரில் இருந்தாலும் மாறாதபடி செய்தேன். பிறகு இரவு ஓடும் ஒப்பீட்டுக் குவெரியை அப்போதே ஓட்டினேன். ஒன்பது பில் வந்தது: ஏழில் நெய், இரண்டில் பன்னீர். எல்லாரும் தினமும் பால் வாங்குகிற அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். பட்டியலை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், ஒவ்வொன்றுக்கும் எதிரே திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகையோடு. "சரிங்க அக்கா, பையன் பால் போடப் போறப்ப கொடுத்துடுவான்" என்றார். ஏழரை மணிக்கு ஒரு போட்டோ வந்தது. அதே பட்டியலை அச்செடுத்து, ஒன்பது பெயருக்கும் எதிரே பேனாவால் டிக் போட்டிருந்தார்.